சனிக்கிழமைக் கல்லீரல்

— எட்டு வருஷமாவாம்மா?

— எட்டு வருஷம் டாக்டரம்மா. ஒரு சனிக்கிழமை தப்பினது கிடையாது. மழை கொட்டினாக்கூட குடை பிடிச்சுட்டுப் போய்க் குடிச்சுட்டு வந்த மனுஷன் இவரு.

— மேடம், அது வந்து...

— நீங்க பேசாம படுங்க. மயக்க மருந்து குடுக்கிற டாக்டர்கிட்ட எதையும் மறைக்காதீங்கன்னு வெளியில இவ்வளவு பெரிய போர்டு மாட்டியிருக்கு. ஊர்ல வர்ற பார்சல் மேல இருக்கிற விலாசமெல்லாம் படிக்கத் தெரியுது, அது படிக்கத் தெரியல.

— சார், உங்களையே கேக்கறேன். எவ்வளவு குடிப்பீங்க?

— அளவுன்னு... சாதாரணமாத்தான் மேடம்.

— சாதாரணமா? நான் ஒண்ணு சொல்லட்டா டாக்டரம்மா? சாயங்காலம் பார்சல் ஆபீஸ் முடிஞ்சு போனா, ஒன்பது மணிக்குத் தெரு முனையிலேயே தள்ளாட ஆரம்பிச்சுடுவாரு. ஒரு தடவை கால்வாயில விழுந்து எழுந்து வந்தாரு. தூங்கும்போது ஒரே உளறல். "செவப்பைப் போட்டாச்சு, ஃபாலோ வரல"ன்னு அழுவாரு. செவப்புன்னா அது என்ன கலர் சாராயமோ.

— அம்மா, ஒரு நிமிஷம். உங்க முகம் ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? வெளியில அவ்வளவு வெயிலா?

— அதுவா? அது என் வயசுக் கோளாறு டாக்டரம்மா. நேத்துலேர்ந்து இருமல். இப்பதான் வராண்டாவுல ரெண்டு மூடி டானிக் குடிச்சேன். மூணு வருஷமாவே இப்படித்தான், இருமல் வந்து டானிக் குடிச்சா முகம் செவந்து, உடம்பு எரிஞ்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். அரை மணி நேரத்துல அடங்கிடும்.

— எந்த டானிக்? காட்டுங்க. ம்... இதுல கொஞ்சம் சாராயம் கலந்திருக்கும்மா. பாத்துக் குடிங்க.

— ஐயய்ய, இது மருந்து டாக்டரம்மா. என்னையும் இவரு கூட சேத்துறாதீங்க.

— சரி, அடுத்தது. சார், காலையில எதுவும் சாப்பிடல, குடிக்கல இல்லையா?

— பச்சைத்தண்ணி கூட இல்ல மேடம்.

— நான் குடுக்கவே இல்ல டாக்டரம்மா. காபி ஒரு டம்ளர் மட்டும் போட்டு நான் குடிச்சேன். கேட்டுக்கங்க, இன்னைக்கு அந்தக் காபி கசக்கவே இல்ல. மத்த நாளெல்லாம் ஒரே கசப்பு. நாலு கடை தூள் மாத்திப் பாத்துட்டேன்.

— காபியை விடுங்கம்மா. சார், நான் ஏன் துருவித் துருவிக் கேக்கறேன்னு சொல்லிடறேன். உங்க பார்சல் ஆபீஸ்ல பிரிக்கிற ஆளுங்க எத்தனை பேரு?

— ஆறு பேரு மேடம். நான் எல்லாத்துக்கும் மேல, ரெஜிஸ்டர்ல.

— உங்க கல்லீரலும் ஒரு பார்சல் ஆபீஸ்தான். நான் போடற மயக்க மருந்து, அப்புறம் குடுக்கற வலி மாத்திரை, எல்லாம் அங்க வரும். அங்க என்சைம்னு சில ஆளுங்க உக்காந்து பிரிச்சு வெளியில அனுப்புவாங்க. வருஷக்கணக்கா விடாம குடிக்கிறவங்களுக்கு என்ன ஆகும்னா, திரும்பத் திரும்ப வர்ற சாராய லோடைச் சமாளிக்க கல்லீரல் கூடுதலா ஆள் எடுத்துடும்.

— பர்மனெண்ட்டாவா, டெம்பரவரியா மேடம்?

— நல்ல கேள்வி. டெம்பரவரிதான். ஆனா குடியை நிறுத்தினாலும் உடனே வீட்டுக்குப் போக மாட்டாங்க, சில நாள், சில வாரம் இருப்பாங்க. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல என் மருந்து போனா, ஆறு பேரு பிரிக்க வேண்டியதைப் பத்துப் பதினஞ்சு பேரு சேந்து நிமிஷத்துல பிரிச்சுக் காலி பண்ணிடுவாங்க. பாதி ஆபரேஷன்ல நீங்க முழிச்சுக்குவீங்க. அதனால அவங்களுக்கு மருந்து கூடப் போடணும்.

— முழிச்சா எழுந்து ஆபீஸுக்குப் போயிடுவாரு டாக்டரம்மா. லீவு போடத் தெரியாத ஜென்மம்.

— இன்னொண்ணு இருக்கும்மா. நேத்து ராத்திரி மட்டும் மூக்கு முட்டக் குடிச்சுட்டு வந்தா, கதை தலைகீழ். இருக்கிற ஆளு மொத்தமும் சாராய லோடுல மாட்டிக்கிட்டிருப்பாங்க. என் மருந்து கியூவுல நிக்கும். வெளியில போகாம ரத்தத்துலேயே சுத்தும். அவங்களுக்கு மருந்தைக் கொறைக்கணும்.

— நேத்து வெள்ளிக்கிழமை டாக்டரம்மா. வெள்ளிக்கிழமை சுத்தமா இருப்பாரு.

— அப்ப முதல் வகை. வலிக்கு எல்லாரும் போடற சாதாரண பாராசிட்டமால் இருக்கு பாருங்க, அதுவும் இவருக்கு யோசிச்சுத்தான் குடுக்கணும். அந்த டெம்பரவரி ஆளுங்க அந்தப் பார்சலைத் தப்பான பக்கமா உடைச்சு உள்ள இருக்கிற விஷத்தைச் சிந்திடுவாங்க. துடைக்கிறவனும் குடிகாரன் கல்லீரல்ல பாதி நாள் லீவு.

— மேடம், ஒரு சந்தேகம். ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். குடிக்கவே குடிக்காத ஒருத்தனுக்கு, குடிகாரன்னு நெனைச்சு அந்தக் கூடுதல் மருந்தைப் போட்டா?

— ரத்த அழுத்தம் சடார்னு எறங்கும். எழுப்பறதுக்குள்ள எனக்கு வேர்த்துடும்.

— எழுப்பறதுக்குள்ளன்னா... எழுப்பிடுவீங்கதானே?

— ஏங்க, அது எதுக்கு உங்களுக்கு? குடிக்காதவன் கவலை குடிக்காதவனுக்கு.

— அம்மா, கல்லீரல் ரத்த ரிப்போர்ட் இன்னும் வரல. கீழ லேப்ல போய் நீங்களே வாங்கிட்டு வந்துடறீங்களா?

— போறேன். இவரு மழுப்புவாரு, நம்பாதீங்க. நான் சொன்னதை அப்படியே எழுதுங்க.

— போயாச்சா மேடம்?

— லிஃப்ட்ல ஏறிட்டாங்க. சொல்லுங்க சார், என்னமோ முழுங்கறீங்க.

— மேடம், நான் குடிக்க மாட்டேன்.

— எப்பவிருந்து?

— பொறந்ததுலேர்ந்து.

— சார், இது விளையாட்டு இல்ல. ஒரு மணி நேரத்துல உங்க ஹெர்னியாவைத் தைக்கப் போறாங்க.

— பார்சல் தூக்கித் தூக்கி வந்த ஹெர்னியா மேல சத்தியமா மேடம். ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல. ஆனா ஃபைல்ல குடிகாரன்னே எழுதிடுங்க. மருந்தை மட்டும் குடிக்காதவனுக்குப் போடற மாதிரி போட்டுடுங்க.

— அது எப்படி சார் முடியும்? அந்த ஃபைலைப் பாத்துத்தான் வார்டுல நர்ஸ் ராத்திரி மாத்திரை குடுப்பாங்க. குடியை விட்டா கை நடுங்கும்னு அதுக்கொரு மருந்து ஏத்துவாங்க. அதெல்லாம் உங்களுக்கு ஏன்?

— நடுங்கட்டும் மேடம். உண்மை தெரிஞ்சா வீட்டுல நடுங்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை.

— அப்ப சனிக்கிழமை எங்க போறீங்க?

— கேரம் விளையாட.

— கேரமா?

— என் சகலை வீட்டுல. இவ தங்கச்சி புருஷன். நல்ல கை மேடம் அவனுக்கு, செவப்புக் காயைப் போட்டா அடுத்த காயையும் உடனே ஃபாலோ போட்டுடுவான். எனக்குத்தான் எட்டு வருஷமா ஃபாலோ வரல.

— கேரம் விளையாடப் போறதுக்கு யாராவது குடிகாரன் வேஷம் போடுவாங்களா?

— அந்த வீட்டுக்குப் போறதுக்குப் போடணும் மேடம். அக்காவுக்கும் தங்கச்சிக்கும் பேச்சு வார்த்தை இல்ல. தங்கச்சி கல்யாண போட்டோ ஒண்ணு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கறாங்க. வாங்கின ஃப்ரேம் சின்னதாப் போச்சுன்னு, அவ போட்டோவை ஓரத்துல வெட்டி மாட்டிட்டா. வெட்டின ஓரத்துல இவ. தோள் மேல வச்ச கை மட்டும் உள்ள இருக்கு.

— அதுக்கு எட்டு வருஷமா?

— "என் கையை மட்டும் வச்சுக்கிட்டு என்னை வெட்டிட்டா. அந்த வாசப்படி மிதிச்சவங்க யாரும் என் வாசப்படி மிதிக்கக் கூடாது"ன்னுட்டா. நான் முதல் தடவை சமாதானம் பேசத்தான் மேடம் ரகசியமாப் போனேன். சகலை கை தவறி அவன் சாராய கிளாஸை என் சட்டையில கொட்டிட்டான். வீட்டுக்கு வந்தா வாடை. குடிச்சுட்டு வந்தியான்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன். ஒரு நாள் அழுதா, மறுநாள் ரசீது கிழிச்ச மாதிரி மறந்துட்டா. அப்பதான் புரிஞ்சுது, குடி சின்னக் குத்தம், தங்கச்சி வீடு பெரிய குத்தம்னு.

— அதுலேர்ந்து வாராவாரம் வாடையோட வர்றீங்க.

— அவன் பாட்டில்ல ஒரு மூடி எடுத்துக் காலர்ல தெளிச்சுக்குவேன். ஒரு பாட்டில் ரெண்டு வருஷம் வரும். தெரு முனையிலேர்ந்து தள்ளாட்டம். கால்வாயில விழுந்தது நிஜமாவே வழுக்கி விழுந்தது, அன்னைக்கு நடிக்கவே இல்ல.

— சார், நான் தெளிவாச் சொல்லிடறேன். தப்பான ஃபைலை வச்சுக்கிட்டு உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். நீங்களே சொல்றீங்களா, ஆபரேஷனை நிறுத்தட்டுமா?

— பயமா இருக்கு மேடம்.

— மயக்க மருந்துக்கா?

— அதுக்கு இல்ல. அவ பேசாம போயிட்டா? தங்கச்சிகிட்ட எட்டு வருஷம் பேசாம இருக்கிறவ மேடம். எனக்கு ஐம்பத்து மூணு வயசு. அவ்வளவு நாளெல்லாம் என்னால தாங்க முடியாது.

— வந்துட்டாங்க.

— டாக்டரம்மா, இந்த லேப்ல ஒண்ணும் சரியில்ல. யாரு ரிப்போர்ட்டையோ மாத்திக் குடுத்துட்டாங்க. எல்லாம் நார்மல்னு போட்டிருக்கு பாருங்க. எட்டு வருஷக் கல்லீரல் எப்படி நார்மலா இருக்கும்? நான் போய்ச் சண்டை போட்டுட்டுத்தான் வர்றேன்.

— இங்க வாம்மா. உக்காரு. அது என் ரிப்போர்ட்தான்.

— அப்ப குடிச்சதெல்லாம் எங்க போச்சு?

— நான் குடிக்கல. ஒரு நாளும் குடிக்கல. சனிக்கிழமை சனிக்கிழமை உன் தங்கச்சி வீட்டுல கேரம் விளையாடிட்டு வந்தேன்.

— அப்ப அந்த வாடை?

— காலர்ல தெளிச்சுக்கிட்டு வந்தேன். நீ தண்ணி ஊத்திக் கழுவி விட்டப்பல்லாம் கூசுச்சு. சொல்ல வாய் வரல.

— டாக்டரம்மா, இவருக்கு மயக்க மருந்து குடுத்துட்டீங்களா? ஒளறுறாரா?

— இன்னும் குடுக்கலம்மா. தெளிவாத்தான் பேசறாரு.

— எட்டு வருஷமா அவ வீட்டு வாசப்படி மிதிச்சுட்டு...

— நீ என்ன வேணாலும் சொல்லு. ஆனா பேசு.

— அவ... எப்படி இருக்கா?

— நல்லா இருக்கா. கொஞ்சம் முட்டி வலி. உனக்கு இருக்கிற அதே முட்டி, அதே கால்.

— அந்தப் போட்டோ? இன்னும் என் கையோட மாட்டி வச்சிருக்காளா?

— இல்ல. அவளே ஸ்டுடியோ ஸ்டுடியோவா அலைஞ்சு பழைய நெகட்டிவைக் கண்டுபிடிச்சா. பெரிசாக் கழுவிப் பெரிய ஃப்ரேம் போட்டு நடு ஹால்ல மாட்டியிருக்கா. நீ முழுசா இருக்கே. ஆறு வருஷமாச்சு.

— ஆறு வருஷமா? ஆறு வருஷமா நான் அங்க முழுசா மாட்டியிருக்கேன், நீங்க ஒரு வார்த்தை சொல்லல.

— சொன்னா எப்படிப் பாத்தேன்னு கேப்பியே.

— கேப்பேன்தான்.

— அம்மா, இந்தாங்க டிஷ்யூ. அழுங்க, தப்பில்ல. நான் ஃபைலைத் திருத்திடறேன். குடிப்பழக்கம், இல்லை. வலிக்கு பாராசிட்டமால், குடுக்கலாம். மயக்க மருந்து, வழக்கமான அளவு. வேற ஏதாவது மருந்து தினமும் எடுக்கறாரா?

— ஒண்ணும் இல்ல மேடம். தலைவலிக்குக் கூட போட மாட்டேன்.

— சரி. கையெழுத்துப் போடுங்க, உள்ள போகலாம்.

— டாக்டரம்மா... நான் ஒண்ணு சொல்லட்டா?

— சொல்லுங்கம்மா.

— குடிக்காத ஒருத்தருக்கு... ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன்... குடியை நிறுத்தற மாத்திரை குடுத்தா தப்பா?

— யாரு குடுத்தா?

— எதிர் வீட்டு டீச்சர் புருஷனுக்கு எழுதிக் குடுத்த சீட்டு டாக்டரம்மா. அவரு ஒரே மாசத்துல நிறுத்திட்டாரு. அந்தச் சீட்டை வாங்கி நானும் வாங்கினேன். தினம் காலையில ஒண்ணு. பொடி பண்ணி இவரு காபியில.

— தினமுமா? எத்தனை நாளா?

— மூணு வருஷமா.

— கடவுளே.

— ஏய், என் காபியிலயா? எனக்கே தெரியாமயா?

— நீங்க மட்டும் எனக்குத் தெரிஞ்சா காலர்ல தெளிச்சீங்க?

— அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. சாராயத்தைக் கல்லீரல் ரெண்டு மேஜையில வச்சுப் பிரிக்கும். முதல் மேஜையில பிரிச்சதும் அது பாதி விஷமா மாறும். ரெண்டாவது மேஜையில இருக்கிறவன் அதை எடுத்து ஒண்ணுமில்லாம ஆக்குவான். இந்த மாத்திரை அந்த ரெண்டாவது மேஜை ஆளைக் கட்டிப் போட்டுடும். அப்புறம் ஒரு மூடி சாராயம் போதும். விஷம் அப்படியே தேங்கிடும். முகம் செவந்துடும், உடம்பு எரியும், நெஞ்சு படபடன்னு அடிக்கும். அளவு கூடினா உயிருக்கே ஆபத்து. நோயாளிக்குத் தெரியாம இதைக் குடுக்கவே கூடாது.

— அப்படி ஆகணும்னுதானே டாக்டரம்மா குடுத்தேன். இவருக்கு ஒண்ணுமே ஆகல. சனிக்கிழமை வாடையோட வந்து ஜம்முன்னு படுத்துத் தூங்கினாரு. என்னா உடம்புடா இதுன்னு நானே அசந்துட்டேன்.

— அவரு குடிக்கவே இல்லையே, எப்படி ஆகும்? ஆனா குடிக்காட்டியும் பிரச்சினை இருக்கு. அந்த மாத்திரை ரெண்டாவது மேஜையோட நிக்காது. மத்த மருந்தைப் பிரிக்கிற ஆளுங்க சிலரையும் மந்தமாக்கிடும். நான் வழக்கமான அளவு போட்டாக்கூட அது சில மருந்தை லேசுல வெளியில விடாது. இவரு நாளைக்கும் தூங்கிட்டிருப்பாரு.

— டாக்டரம்மா, நான் நல்லதுன்னு நெனைச்சுத்தான்... இவரு போயிடுவாரோன்னு பயத்துலதான் குடுத்தேன். கல்லீரல் கெட்டுச் செத்துட்டா நான் என்ன பண்ணுவேன்?

— அழாதம்மா. எனக்கு ஒண்ணும் ஆகல.

— நீங்க பேசாதீங்க. உங்களை என் கையாலயே...

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா? அந்த மாத்திரையை விட்டாலும் வேலை முழுசா அடங்க ரெண்டு வாரம் ஆகும். இன்னைக்கு ஆபரேஷன் இல்ல. தள்ளி வச்சுட்டேன். சர்ஜன்கிட்ட நான் என்னன்னு சொல்றதோ. குடிகாரன்னு நெனைச்சேன், குடிக்காதவரு, ஆனா குடியை நிறுத்த மாத்திரை சாப்பிட்டிருக்காருன்னு சொன்னா, என்னையே முதல்ல ஊதிக் காட்டச் சொல்லுவாரு.

— மேடம், அது வந்து... தள்ளி வைக்க வேண்டாம். இன்னைக்கே வச்சுக்கலாம்.

— சார், உங்களுக்குப் புரியலையா? மூணு வருஷம் தினமும் உள்ள போயிருக்கு.

— ஒரு நாளும் போகல மேடம். அந்தக் காபியை நான் குடிச்சதே இல்ல.

— பொய் சொல்லாதீங்க. தினம் டம்ளர் காலியாத்தான் இருந்துச்சு.

— கசக்கும் மேடம் அது. கசக்குதுன்னு வாயைத் தொறந்தா, "சனிக்கிழமை நாக்குக்கு ருசி எங்க தெரியப் போகுது"ம்பா. அதனால ரெண்டு டம்ளரையும் மேஜையில வச்சுட்டு இவ தண்ணி மோட்டார் போடப் போற நேரம் பாத்து...

— நேரம் பாத்து? எங்க கொட்டினீங்க? சிங்க்குலயா, தொட்டிச் செடிக்கா?

— கொட்டறதா? நீ ஆசையாப் போட்டுக் குடுத்த காபியை எப்படிம்மா கொட்டுவேன்? உன் டம்ளரை நான் எடுத்துக்கிட்டு, என் டம்ளரை உன் பக்கம் தள்ளி வச்சுடுவேன்.